கடினமான நிலைகளில் செஸ் இன்ஜினைச் சோதிப்பது: பழைய தொகுப்பா, ஆட்டத் தொடரா, சொந்தத் தொகுப்பா?

செஸ் இன்ஜின், அதாவது செஸ் ஆடும் நிரல், ஆட்டத் தொடர்களில் முதலிடம் பிடிப்பது ஒரு திறமை. கிராண்ட்மாஸ்டர் ஆட்டமொன்றில் முடிச்சு விழுந்த இடத்தில் சரியான நகர்வைச் சீக்கிரம் எடுத்துக் காட்டுவது வேறொரு திறமை. தரவரிசையில் 20 எலோ (ஆட்ட பலத்தைக் காட்டும் தரப்புள்ளி) மேலே நிற்கும் இன்ஜின், செக்கோ வெட்டோ இல்லாத ஒரு அமைதியான பலி நகர்வை நிமிடக்கணக்கில் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். கீழே நிற்கும் இன்ஜின் அதைச் சில விநாடியில் பிடித்துவிடலாம். இப்படிப்பட்ட நிலைகள் ஆட்டங்களில் அபூர்வமாகவே வருவதால் எலோ எண்ணில் இந்த வேறுபாட்டின் சுவடே தெரியாது. ஆனால் ஆட்டங்களை ஆராய்வதற்காக இன்ஜின் வைத்திருப்பவருக்கு அந்த அபூர்வ நிலைகள்தான் முழுப் பயனும்.

அதனால் எந்த இன்ஜினை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் முன் எதைக் கொண்டு சோதிப்பது என்று முடிவெடுக்க வேண்டும். மூன்று வழிகள் இருக்கின்றன: ஏற்கெனவே வெளிவந்த சோதனைத் தொகுப்புகள், இன்ஜின்களை ஒன்றோடொன்று மோதவிடும் ஆட்டத் தொடர், மாஸ்டர் ஆட்டங்களிலிருந்து நாமே சேர்த்துச் சரிபார்த்த தொகுப்பு. இன்ஜின் எழுதுபவருக்கு ஆட்டத் தொடரைத் தவிர வேறு நம்பகமான வழி கிடையாது. ஆய்வுக்குப் பயன்படுத்துபவருக்கு, உழைப்பு அதிகம் என்றாலும், சொந்தத் தொகுப்புதான் சரி. பழைய தொகுப்புகளை இன்று இன்ஜின்களைத் தரம் பிரிக்கப் பயன்படுத்துவது வீண். அவற்றுக்கு வேறொரு நல்ல வேலை இருக்கிறது.

வெளிவந்த தொகுப்புகள்

இவான் பிராட்கோவும் டேனி கோபெக்கும் 1982இல் வெளியிட்ட 24 நிலைகள் இந்த வகையின் பழைய தொகுப்புகளில் ஒன்று. பாதி தந்திர நிலைகள், பாதி சிப்பாய் முன்னேற்றத்தால் அமைப்பை உடைக்கும் நிலைகள். நிலைக்கு 2 நிமிடம். ஃப்ரெட் ரைன்ஃபெல்டின் புதிர்களிலிருந்து எடுத்த 300 நிலைகள் இன்னொன்று. பியர் நோலோ 1994இல் வெளியிட்ட 11 நிலைகள், அன்றைய கணினிகளைத் திணறடிப்பதற்காகவே உண்மையான ஆட்டங்களிலிருந்து பொறுக்கப்பட்டவை. உத்தி சார்ந்த 1,500 நிலைகள் கொண்ட எஸ்டிஎஸ் தொகுப்பு 15 கருப்பொருள்களாகப் பிரிக்கப்பட்டது, ஒவ்வொன்றிலும் 100. சிறந்த நகர்வுக்கு 10 புள்ளி, அடுத்து வரும் நல்ல நகர்வுகளுக்குக் குறைந்த புள்ளி. ஐகன்மான் தொகுப்பில் 111 நிலைகள், நிலைக்கு 15 விநாடி.

இவற்றின் பெரிய வசதி, உடனே ஓட்டலாம் என்பது. எல்லாமே ஈபிடி கோப்பாக, அதாவது வரிக்கு ஒரு நிலையும் அதன் விடையும் எழுதிய உரைக் கோப்பாக, கிடைக்கின்றன. அரீனா போன்ற முகப்பு நிரல்கள் அதை நேரடியாகப் படித்து ஓட்டும். சிக்கல் வேறு இடத்தில். ரைன்ஃபெல்ட் தொகுப்பை இன்றைய வலுவான இன்ஜின்கள் நிலைக்கு ஒரு விநாடி கொடுத்தாலே ஏறக்குறைய முழுதும் தீர்த்துவிடும். எல்லோரும் 300க்கு 298, 299 என்று வாங்கும் தேர்வில் யார் உயர்ந்தவர் என்று சொல்ல முடியாது. மீதி இருக்கும் ஒன்றிரண்டும் பெரும்பாலும் விடையே சந்தேகத்துக்குரிய நிலைகள். மனிதர்கள் பலகையை வைத்து ஆராய்ந்து எழுதிய விடைகள் அவை. பிற்கால இன்ஜின்கள் அவற்றில் பலவற்றுக்கு இரண்டாவது விடையைக் கண்டுபிடித்திருக்கின்றன. சிலவற்றில் எழுதிய விடையே ஓட்டையானது என்று காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட நிலையில் பலமான இன்ஜின் 'தவறும்', பலவீனமானது 'சரியாகச்' சொல்லும்.

இன்னொரு குறை: இந்தத் தொகுப்புகள் எல்லா இன்ஜின் ஆசிரியர்களுக்கும் தெரியும். பழைய நாட்களில் தேடல் அமைப்புகளை இவற்றின் மேல் ஓட்டித்தான் திருத்தினார்கள். பாடப்புத்தகக் கேள்வியையே தேர்விலும் கேட்பது போன்ற நிலை இது.

அப்படியானால் எதற்குப் பயன்? நலச் சோதனைக்கு. மூல நிரலிலிருந்து புதிதாக உருவாக்கிய இன்ஜினோ, புதிய கணினியோ, மாற்றிய அமைப்புகளோ ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க ரைன்ஃபெல்ட் தொகுப்பை நிலைக்கு ஒரு விநாடியில் ஓட்டினால் 5 நிமிடத்தில் முடிந்துவிடும். வழக்கமாக 297க்கு மேல் வாங்கும் இன்ஜின் திடீரென்று 270க்கு இறங்கினால் எங்கோ கோளாறு: நியூரல் வலைக் கோப்பு ஏற்றப்படவில்லை, அல்லது செயலிக்குப் பொருந்தாத பதிப்பு ஓடுகிறது. இந்த வேலைக்கு அந்தத் தொகுப்புகளை மிஞ்ச எதுவும் இல்லை.

ஆட்டத் தொடர்

ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினை எழுதும் குழு, ஆட்டத் திறனைத் தொடும் தன் ஒவ்வொரு மாற்றத்தையும் ஃபிஷ்டெஸ்ட் என்ற பொது அமைப்பில் ஆட்டங்கள் மூலமே ஏற்கிறது, நிராகரிக்கிறது. முதல் கட்டத்தில் பக்கத்துக்கு 10 விநாடியும் நகர்வுக்கு 0.1 விநாடியும், அதைத் தாண்டினால் 60 விநாடியும் 0.6 விநாடியும். எத்தனை ஆட்டம் என்று முன்கூட்டி நிர்ணயிக்காமல், எஸ்பிஆர்டி என்ற தொடர்முறைச் சோதனை ஒவ்வொரு முடிவுக்குப் பிறகும் ஒரு எண்ணைப் புதுப்பிக்கிறது. பிழை வாய்ப்பு இரு பக்கமும் 5 சதவீதம் என்று வைத்தால் அந்த எண் 2.94ஐத் தொட்டால் மாற்றம் ஏற்கப்படும், மைனஸ் 2.94ஐத் தொட்டால் தள்ளப்படும்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். கியூட்செஸ், ஃபாஸ்ட்செஸ் இரண்டும் இதற்கான இலவசக் கருவிகள். ஆனால் எத்தனை ஆட்டம் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்க வேண்டும். பாதி ஆட்டங்கள் டிராவில் முடியும் என்று வைத்துக்கொண்டால் 100 ஆட்டத்தின் பிழை எல்லை ஏறக்குறைய ±48 எலோ. 1,000 ஆட்டத்துக்கு ±15. 10,000 ஆட்டத்துக்குத்தான் ±5. பத்து ஆட்டம் ஆடவிட்டு 6க்கு 4 என்று வந்ததும் ஒரு இன்ஜினை உயர்ந்தது என்று அறிவிப்பதில் பொருளே இல்லை. 10 விநாடி வேகத்தில், பக்கத்துக்கு 60 நகர்வு என்று வைத்தால், ஓர் ஆட்டம் அதிகபட்சம் 32 விநாடி பிடிக்கும். 1,000 ஆட்டம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. செயலியின் நான்கு கோர்களில் ஒரே சமயம் நான்கு ஆட்டம் ஓடவிட்டால் இரண்டேகால் மணி நேரத்தில் முடியும்.

தொடக்க நிலைகள் இன்னொரு கண்ணி. வழக்கமான தொடக்கத்திலிருந்து ஆடவிட்டால் உச்ச இன்ஜின்கள் பெரும்பாலும் டிராவே செய்யும், வேறுபாடு வெளிவராது. ஒரு பக்கத்துக்குச் சற்றுச் சாய்ந்த தொடக்கங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடவிட வேண்டும். அந்த இரண்டையும் ஒரு ஜோடியாகவே கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் பிழை எல்லை தவறாக வரும்.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஆட்டத் தொடர் தரும் பதில் ஒன்றே ஒன்று: இந்த வேகத்தில், இந்தத் தொடக்கங்களிலிருந்து, எது அதிகப் புள்ளி எடுக்கிறது? எதிரி உள்ளே புக முடியாதபடி அரண் கட்டி நிற்கும் இறுதிக்கட்டத்தை எது புரிந்துகொள்கிறது, நீண்ட ராஜா நடையை எது பார்க்கிறது என்பதெல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் கரைந்துபோகும்.

சொந்தத் தொகுப்பு

இதில்தான் உழைப்பும் பலனும் அதிகம். கெடுவதற்கான வாய்ப்பும் இங்கேதான் அதிகம். பெரும்பாலும் முதல் அடியிலேயே கெடும்: புகழ்பெற்ற நகர்வுகளை எடுத்துப் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். புகழ் வேறு, சோதனைத் தகுதி வேறு.

தகுதியுள்ள நிலைக்கு எடுத்துக்காட்டு, லினாரஸ் 1998இல் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் ஆடிய 47... பிஷப் எச்3. வெள்ளைக்கு ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4. கறுப்புக்கு ராஜா இ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6. கறுப்பின் முறை. எதிரெதிர் நிற பிஷப்கள். இரண்டு சிப்பாய் கூடுதல் இருந்தும் டிரா போலத் தெரியும். ஷிரோவ் பிஷப்பையே கொடுத்துவிட்டு, தன் ராஜா எஃப்5 வழியாக இ4க்குப் போக ஒரு நகர்வு மிச்சம் பிடித்தார். வெள்ளை வெட்டினால் ஜி சிப்பாய் எச் வரிசைக்குப் போய்விடும், வெள்ளை ராஜா ஒரு அடி பின்தங்கும். வெட்டாமல் 48. ராஜா எஃப்2 ஆடினால் ராஜா எஃப்5, பிறகு பிஷப் ஜி2வில் சிப்பாயை வெட்டி அதே இடத்துக்கு வரும். காய் கணக்கில் ஒரு பிஷப் குறைந்த நிலையைத் தேடல் நீண்ட தூரம் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதால் பழைய இன்ஜின்கள் இங்கே திணறின. 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 முதல் நியூரல் மதிப்பீடு சேர்ந்த பிறகு இது அவ்வளவு கடினமில்லை. தொகுப்பின் எளிய முனையில் வைக்கலாம்.

ஏவ்ரோ 1938இல் காபபிளாங்காவுக்கு எதிராகப் போட்வின்னிக் ஆடிய 30. பிஷப் ஏ3 இன்னொரு நல்ல நிலை. இ7இல் நின்று சிப்பாயைத் தடுக்கும் கறுப்பு ராணியை பிஷப் இழுத்துப் போகிறது. அடுத்து எச்5இல் குதிரையும் பலி. பிறகு கறுப்பு ராணி தொடர்ந்து செக் கொடுக்கிறது, வெள்ளை ராஜா பலகையைக் கடந்து எச்5 வரை போய் ஒளிகிறது. அந்த செக்குகள் ஒரு இடத்தில் தீரும் என்று பார்க்காத வரை இன்ஜின் இதை டிராவாகவே மதிப்பிடும். தேடலின் ஆழத்தைச் சோதிக்க ஏற்ற நிலை.

தகுதியில்லாததற்கு எடுத்துக்காட்டு, வைக் ஆன் சே 1999இல் டோபலோவுக்கு எதிராகக் காஸ்பரோவ் ஆடிய 24. யானை டி4இல் வெட்டு. செஸ் வரலாற்றின் மிக அழகான ஆட்டங்களில் ஒன்று. ஆனால் கறுப்பு யானையை வெட்டாமல் ராஜாவை பி6க்கு நகர்த்தியிருந்தால் வெற்றி இல்லை. இந்த நகர்வைத் தேர்ந்தெடுக்காத இன்ஜினுக்குப் பூஜ்யம் போடுவது அநியாயம். அதே ஆட்டத்தில் சற்றுத் தள்ளி, வெள்ளையின் 28ஆவது நகர்வில் நல்ல சோதனை இருக்கிறது: காஸ்பரோவ் ராணியை சி3க்கு நகர்த்தினார், யானை ஏ7 இன்னும் வலுவானது என்று பிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டது.

'இதை ஆடாதே' வகை நிலைகளிலும் இதே எச்சரிக்கை. ஸ்பாஸ்கிக்கு எதிரான 1972 உலகப் போட்டியின் முதல் ஆட்டத்தில் ஃபிஷர் 29ஆவது நகர்வில் பிஷப்பால் எச்2 சிப்பாயை வெட்டி, பிஷப்பைச் சிக்கவைத்துக்கொண்டார். பலரும் இதைத் தவிர்க்க வேண்டிய நகர்வாகத் தொகுப்பில் சேர்ப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகும் கறுப்புக்கு டிரா வழி இருந்தது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். முடிவை மாற்றாத நகர்வைத் தவறு என்று குறிப்பது சோதனையைக் கெடுக்கும்.

சூரிச் 1953இல் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகப் பெட்ரோசியன் ஆடிய 25... யானை இ6 போன்ற நிலைப்பாட்டுப் பலிகள் மனத்துக்கு மிக நெருக்கமானவை. குதிரையை டி5இல் அமர்த்துவதற்காக யானையைக் கொடுக்கும் அந்த யோசனையை இன்ஜின் எப்படிப் பார்க்கிறது என்று அறிய யாருக்கும் ஆசை வரும். ஆனால் ஆட்டம் டிராவில் முடிந்தது, ஒற்றை விடை என்று நிரூபிக்க வழியில்லை. இத்தகைய நிலைகளைத் தனிக் கோப்பில் வைத்து, மதிப்பெண் போடாமல், இன்ஜின்களின் முதல் நான்கு நகர்வுகளை ஒப்பிட்டு மட்டும் பார்க்கலாம்.

நிலைகளைத் தேடுவது

நினைவில் உள்ள புகழ்பெற்ற நிலைகள் 20, 30க்கு மேல் வராது. மீதியைத் தோண்டி எடுக்க வேண்டும். 2500 எலோவுக்கு மேல் உள்ளவர்களின் 500 ஆட்டங்களை எடுத்து, முதல் 12 நகர்வை விட்டுவிட்டு, ஆட்டத்துக்குச் சுமார் 60 நிலைகள் என்று கொண்டால் 30,000 நிலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடி: 8 மணி 20 நிமிடம். இன்ஜினின் ஒரு விநாடித் தேர்விலிருந்து மாஸ்டரின் நகர்வு வேறுபடும் இடங்களை மட்டும் பிரித்து 60 விநாடி கொடுக்க வேண்டும். அங்கே இன்ஜின் மனம் மாறி மாஸ்டரின் பக்கம் வந்து, மதிப்பீடும் பெரிதாக நகர்ந்தால், அது கடினமான நிலைக்கான வேட்பாளர். இரண்டாம் கட்டத்தில் வேறுபாடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதற்குள் போகும் முன் மதிப்பீடு ஏற்கெனவே ஒரு பக்கம் முற்றிலும் சாய்ந்த நிலைகளைக் கழித்துவிட வேண்டும். பைத்தான் செஸ் நூலகம் இருந்தால் இதற்கு ஐம்பது வரிக்குள் நிரல் எழுதிவிடலாம்.

இங்கே பலரும் கவனிக்காத சாய்வு ஒன்று இருக்கிறது. ஸ்டாக்ஃபிஷைக் கொண்டு தோண்டினால், அது ஒரு விநாடியில் தோற்ற நிலைகளாகவே தொகுப்பு அமையும். அதே தொகுப்பில் ஸ்டாக்ஃபிஷையும் இன்னொரு இன்ஜினையும் ஒப்பிட்டால் ஸ்டாக்ஃபிஷ் தோற்பது தேர்வு முறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மற்ற இன்ஜின் வெற்றிகரமாகத் தீர்ப்பதைப் பார்த்து வியப்பதற்கு எதுவுமில்லை. போட்டியில் இல்லாத மூன்றாவது இன்ஜினால் தோண்டுவது நல்லது. அது இயலாவிட்டால் போட்டியிடும் ஒவ்வொரு இன்ஜினாலும் சம எண்ணிக்கையில் தோண்டிக் கலக்க வேண்டும்.

விடையைச் சரிபார்ப்பது

ஒரு வேட்பாளர் நிலை தொகுப்பில் இடம்பெற மூன்றைத் தாண்ட வேண்டும். முதலாவது, மல்டி பிவி அமைப்பை (ஒரே சமயம் காட்டும் சிறந்த நகர்வுகளின் எண்ணிக்கை) 4 என்று வைத்து நீண்ட நேரம், குறைந்தது அரை மணி, ஓட்டும்போது முதல் நகர்வு வெற்றி, இரண்டாவது டிரா அல்லது தோல்வி என்ற இடைவெளி தெரிய வேண்டும். இரண்டு நகர்வும் வெல்லுமானால், எது 'அழகானது' என்பது பொருட்டல்ல. நிலையைத் தூக்கிவிட வேண்டும், அல்லது இரண்டையும் விடையாகப் பதிய வேண்டும்.

இரண்டாவது, பின்னோக்கிய ஆய்வு. முக்கிய வரிசையை முடிவு தெளிவாகும் இடம் வரை ஆடிக்கொண்டு போய், அங்கே இன்ஜினை ஓட்டி, ஹேஷை (பார்த்த நிலைகளின் முடிவுகளை இன்ஜின் சேமிக்கும் நினைவகம்) துடைக்காமல் ஒவ்வொரு நகர்வாகத் திரும்பி வர வேண்டும். முன்னோக்கிப் பார்க்கும்போது தேடல் வெட்டித் தள்ளிய கிளைகள் இப்போது ஹேஷ் வழியாக மேலே வந்து சேரும். எதிரியின் மாற்றுத் தற்காப்புகளுக்கும் இதே வேலை. 7 காய்க்குள் இறங்கும் வரிசைகளுக்கு சிஸிஜி டேபிள்பேஸ், அதாவது குறைந்த காய்களுள்ள நிலைகளின் முடிவை முன்பே கணித்து வைத்த தரவுத்தளம், இறுதித் தீர்ப்பு. 5 காய் வரையிலான தொகுதி ஒரு ஜிபிக்குள் அடங்கும், 6 காய்த் தொகுதி சுமார் 150 ஜிபி. 7 காய்த் தொகுதி 17 டிபிக்கு மேல் போவதால் அதை இணையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதே நடைமுறை.

மூன்றாவது, வேறு குடும்பத்து இன்ஜினின் ஒப்புதல். ஸ்டாக்ஃபிஷ், பயனற்ற கிளைகளை வெட்டித் தள்ளும் ஆல்பா-பீட்டா முறையில் கோடிக்கணக்கான நிலைகளைத் தேடுகிறது. லீலா செஸ் ஜீரோ பெரிய நியூரல் வலையால் வழிநடத்தப்படும் மரத் தேடல், மிகக் குறைந்த நிலைகளையே பார்க்கிறது. அவற்றின் குருட்டுப் புள்ளிகளும் வேறு வேறு. ஆல்பா-பீட்டா இன்ஜின்கள் ஒரு முறையை விட்டுக்கொடுத்தாலும் நிலை நன்றாகவே இருந்தால் அந்தக் கிளையை வெட்டிவிடும். நகர்வதே தீங்காகும் சுக்ஸ்வாங் நிலைகளில் இந்தக் குறுக்குவழி ஏமாற்றும். பட்டியலில் பின்னால் வரும் நகர்வுகளைக் குறைந்த ஆழத்தில் மட்டும் பார்ப்பதால் செக்கோ வெட்டோ இல்லாத பலி நகர்வுகள் அடியில் புதைந்து கிடக்கும். லீலாவில் காரணம் வேறு: அதன் வலை ஒரு நகர்வுக்கு மிகக் குறைந்த முன்வாய்ப்புக் கொடுத்துவிட்டால், தேடல் அந்தப் பக்கம் திரும்புவதற்கே நெடுநேரமாகும். இரண்டும் சேர்ந்து ஒப்புக்கொண்ட விடையில் ஓட்டை இருப்பது அரிது.

சரிபார்த்ததை ஈபிடி வரியாக எழுதும்போது தவறுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். அச்சிட்ட படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது காஸ்லிங் உரிமையை விட்டுவிட்டால் விடையே மாறலாம். 'என் பாசான்' (கடந்துபோகும் சிப்பாயை வெட்டும் விதி) கட்டத்திலும் இதே ஆபத்து. ஈபிடி வடிவத்தில் 50 நகர்வுக் கணக்கும் நகர்வு எண்ணும் இயல்பாக இடம்பெறாது. 50 நகர்வுக் கணக்கை நிரல்கள் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். முந்தைய நிலைகளும் இன்ஜினுக்குத் தெரியாது. அதனால் மூன்று முறை திரும்ப வருவதை ஒட்டி விடை அமையும் நிலைகளை இந்த வடிவில் சோதிக்கவே முடியாது. அவற்றைத் தொடக்கத்திலிருந்து முழு நகர்வு வரிசையாகத்தான் கொடுக்க வேண்டும்.

ஓட்டும்போது

நேரத்தை நிர்ணயிப்பதா, ஆழத்தையா, தேடும் நிலைகளின் எண்ணிக்கையையா? ஆழத்தை மறந்துவிடலாம். ஒரு இன்ஜினின் 30ஆவது ஆழமும் இன்னொன்றின் 30ஆவது ஆழமும் வெவ்வேறு அளவு வேலை, ஒப்பிடுவதில் பொருளில்லை. நிலைகளின் எண்ணிக்கை ஒரே இன்ஜினின் இரண்டு பதிப்புகளை ஒப்பிட அருமையானது. ஒற்றை த்ரெட்டில் (தேடலை நடத்தும் ஒரே இழையில்), துடைத்த ஹேஷோடு ஓட்டினால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே விடை வரும், கணினியின் வேகம் குறுக்கிடாது. ஸ்டாக்ஃபிஷுக்கும் லீலாவுக்கும் இடையே மட்டும் இது செல்லாது. வெவ்வேறு இன்ஜின்களுக்குள் நேரமே நியாயமான அளவு.

பல த்ரெட்களில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் விடை நேரம் மாறும்; ஒரு முறை 4 விநாடி, மறுமுறை 40 விநாடி என்பது சர்வசாதாரணம். அதனால் நிலைக்கு 5 முறை ஓட்டி நடு மதிப்பை எடுக்க வேண்டும். 100 நிலைகள், 30 விநாடி, 5 முறை என்றால் ஒரு இன்ஜினுக்கு 4 மணி 10 நிமிடம். த்ரெட் எண்ணிக்கை உண்மையான கோர்களின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. ஒற்றை த்ரெட்டுக்கு 30 விநாடிக்கு 512 எம்பி ஹேஷ் தாராளம். த்ரெட்கள் கூடினால் அதற்கேற்பக் கூட்டலாம். ஒவ்வொரு நிலைக்கும் முன் புதிய ஆட்டம் என்ற யூசிஐ (இன்ஜினும் முகப்பு நிரலும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) கட்டளையை அனுப்ப வேண்டும். ஒரே ஆட்டத்தின் இரண்டு நிலைகள் அடுத்தடுத்து இருந்தால், முதலாவதின் ஹேஷ் இரண்டாவதின் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். லீலா முதல் நிலையில் கிராஃபிக்ஸ் கார்டைத் தயார்படுத்தவே சில விநாடி எடுக்கும். கணக்கில் சேராத ஒரு நிலையை முதலில் ஓட்டிச் சூடேற்றிவிட வேண்டும். மடிக்கணினியில் நீண்ட நேரம் ஓட்டினால் வெப்பத்தால் செயலி வேகம் குறைந்து, கடைசியாக ஓடிய இன்ஜின் பலியாகும். இன்ஜின்களை மாற்றி மாற்றி ஓட்டுவதே அதற்கு மருந்து.

சோதிக்கும்போது மல்டி பிவி 1ஆகவே இருக்க வேண்டும். அதைக் கூட்டினால் புதைந்து கிடக்கும் நகர்வுகளும் முழு ஆழத்தில் தேடப்பட்டு, கடினமான பலிகள் செயற்கையாக எளிதாகிவிடும். ஆய்வில் இது பெரிய உதவி, அளவெடுக்கும்போது கலப்படம்.

எப்போது தீர்த்ததாகக் கொள்வது என்பதை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். சரியான நகர்வு கடைசி நேரம் வரை மாறாமல் நின்றால், அது கடைசியாக முதலிடத்துக்கு வந்த கணமே விடை நேரம். அதோடு மதிப்பீடும் பேச வேண்டும். வெல்லும் பலி நகர்வை 0.00 என்ற மதிப்பீட்டோடு தேர்ந்தெடுக்கும் இன்ஜின் அதைத் தொடர் செக் டிராவாகப் பார்க்கிறது, வெற்றியைக் காணவில்லை. சென்டிபான் (ஒரு சிப்பாயின் நூறில் ஒரு பங்கு) எண்களை இன்ஜின்களுக்கிடையே நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் +1.00 என்பது வெற்றி வாய்ப்பு 50 சதவீதம் என்ற பொருளில் அளவு மாற்றப்பட்டது. மற்றவற்றின் அளவுகோல் வேறு. வெற்றி, டிரா, தோல்வி விகிதங்களைக் காட்டும் அமைப்பை இரண்டிலும் இயக்கி, வெற்றி விகிதம் 70 சதவீதத்தைத் தாண்டியதா என்று பார்ப்பது மேல்.

எண்களைப் படிப்பது

100 நிலைகளில் 70 தீர்த்த இன்ஜினின் பிழை எல்லை ±9 நிலைகள். 24 நிலைகள் கொண்ட தொகுப்பில் 18 தீர்த்தால் ±4. அதனால் 70க்கும் 74க்கும் நடுவே வெற்றி தோல்வி பேச இடமில்லை. மொத்தத்தை ஒப்பிடுவதைவிட நிலைக்கு நிலை ஒப்பிடுவது கூர்மையானது: இரண்டும் தீர்த்தவற்றையும் இரண்டும் விட்டவற்றையும் கழித்துவிட்டு, ஒன்று மட்டும் தீர்த்தவற்றை எண்ண வேண்டும். 12க்கு 5 என்று வந்தால்கூட, சமபலமுள்ள இரண்டுக்குள் தற்செயலாக இப்படியோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் வரும் வாய்ப்பு 14 சதவீதம், நம்ப முடியாது. 15க்கு 4 என்றால் 2 சதவீதம், நம்பலாம்.

சராசரி விடை நேரத்தைக் கூட்டிப் பார்ப்பது நல்லதல்ல. இரண்டு மூன்று மெதுவான நிலைகளே முழுத் தொகையையும் ஆளும். 1, 2, 4, 8, 16, 32 விநாடிகளில் எத்தனை நிலைகள் தீர்ந்தன என்று வரிசையாக எழுதினால் நிறையத் தெரியும். ஒரு இன்ஜின் முதல் 2 விநாடியில் முந்தி, 32 விநாடியில் பின்தங்குவது உண்டு. ஆட்டம் நடக்கும்போதே பார்ப்பவருக்கு வரிசையின் முதல் எண்ணும், ராத்திரி முழுதும் ஓடவிட்டு ஆராய்பவருக்குக் கடைசி எண்ணும் பொருந்தும். நிலைகளைத் தந்திரம், அமைதியான பலி, சுக்ஸ்வாங், அரண், நீண்ட இறுதிக்கட்டம் என்று பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். ஆனால் வகைக்கு 30 நிலையாவது இல்லாமல் அப்படிப் பிரிப்பதில் பயனில்லை.

கையில் ஒரு கணினி, ஓர் இரவு மட்டும் இருந்தால்

அப்போதும் தேர்வு செய்யலாம். முதல் 10 நிமிடம் ரைன்ஃபெல்ட் தொகுப்பில் இரண்டு இன்ஜின்களையும் நலம் பார்க்க வேண்டும். பிறகு சரிபார்த்த 60 நிலைகள், நிலைக்கு 30 விநாடி, 3 முறை: இன்ஜினுக்கு ஒன்றரை மணி நேரம், இரண்டுக்கும் 3 மணி. மீதி நேரத்தில், சாய்ந்த தொடக்கங்களிலிருந்து நான்கு ஆட்டங்கள் ஒரே சமயம் ஓடும்படி 2,000 ஆட்டம். நாலரை மணி நேரம். ஆட்டத் தொடரில் வேறுபாடு 10 எலோவுக்குள் இருந்து, நிலைகளில் ஒரு பக்கம் தெளிவாக முந்தினால் ஆய்வுக்கு அந்தப் பக்கத்தை எடுக்க வேண்டும். ஆட்டத் தொடரில் ஒன்று 50 எலோவுக்கு மேல் முந்தி, நிலைகளில் சற்றே பின்தங்கினால், முந்தியதையே முதன்மையாக வைத்துக்கொண்டு, மற்றதைச் சந்தேகமான நிலைகளில் இரண்டாம் கருத்துக்கு ஓட்டலாம். இரண்டு இன்ஜின்களும் வெவ்வேறு குடும்பமாக இருந்தால் ஒன்றை நீக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் எழாது.

தொகுப்பை ஆண்டுக்கு ஒரு முறையாவது சலிக்க வேண்டும். எல்லா இன்ஜின்களும் 2 விநாடிக்குள் தீர்க்கும் நிலைகளை நலச் சோதனைக் கோப்புக்கு மாற்றிவிட்டு, அதே வகையில் புதியவற்றைச் சேர்க்க வேண்டும். புதிய பதிப்பு ஏதாவது விடையை மறுத்தால், இன்ஜின் தவறு என்று எழுதும் முன் அந்த நிலையைத் திரும்பவும் பின்னோக்கி ஆராய வேண்டும். ஓட்டை விடையில் இருப்பதும் உண்டு.